படையணியைக் கலைப்பதா, உறங்க வைப்பதா? பிரித்தானிய முறையும் அமெரிக்க முறையும்

கொழும்பில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பழைய தொப்பிச் சின்னங்களுக்கு விவரப்பட்டியல் தயாரித்தபோது, படையணிகளின் தொடக்கத்தையும் முடிவையும் எந்த முறைப்படி பதிவது என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. நமது படையணிகள் பிரித்தானிய மரபில் வந்தவை. ஆயினும் நான் தேர்ந்தது அமெரிக்க முறையை.

பிரித்தானிய வழக்கில் படையணி திரட்டப்படும். பின்னர் கலைக்கப்படும், அல்லது வேறொன்றுடன் இணைக்கப்படும். இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை 1900இல் தோன்றி 1949இல் கலைக்கப்பட்டது என ஒரே வரியில் முடித்துவிடலாம்.

அமெரிக்கத் தரைப்படை இதையே படிகளாகப் பிரிக்கிறது. 'கொன்ஸ்டிடியூட்' என்பது பெயரை ஏட்டில் ஏற்றுவது மட்டுமே. 'அக்டிவேட்' ஆகும்போதுதான் ஆளும் ஆயுதமும் வந்து சேரும். 'இன்அக்டிவேட்' செய்கையில் வீரர்கள் வேறு பிரிவுகளுக்குப் போய்விடுவார்கள், கொடி கம்பத்தோடு சுருட்டி உறையிலிடப்படும். பெயர் ஏட்டில் நிற்கும். 'டிஸ்பேண்ட்' ஆனால்தான் பெயரும் நீங்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது வாரிசுரிமை. போர்க் கௌரவங்கள், அதாவது படையணி தன் கொடியில் பெருமையோடு தாங்கும் போர்களின் பெயர்கள், இனி யாருக்குரியவை என்பதற்கு அமெரிக்க ஏடு எந்த நாளிலும் பதில் சொல்லும். அமெரிக்காவின் 11ஆவது வான்வழிப் பிரிவு 1943இல் இயங்கத் தொடங்கி, பிலிப்பைன்ஸின் லெய்ட்டேயிலும் லூசோனிலும் போரிட்டு, 1958இல் உறக்கத்தில் இடப்பட்டது. 1963 முதல் 1965 வரை ஹெலிகொப்டர்களில் படையை இறக்கும் வான்தாக்குதல் முறையின் சோதனைக்காக எழுப்பப்பட்டது. 2022இல் அலாஸ்காவில் மீண்டும் இயங்கியபோது அக்கௌரவங்களும் உடன் வந்தன. மாறாக, இணைப்பை ஏற்காமல் 1968இல் கலைந்துபோன, ஸ்கொட்லாந்தின் கமரோனியன்ஸ் படையணியின் கௌரவங்களைச் சுமக்க இன்று எந்தப் படையணியும் இல்லை. 1946இல் பிரித்தானியாவின் பகுதிநேரப் படைகள் பல தற்காலிகமாக நிறுத்தப்பட்டு மறு ஆண்டு எழுப்பப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அந்த ஏற்பாடு எல்லாப் படையணிகளுக்கும் வாய்த்ததில்லை.

இலங்கையில் 1962 இராணுவச் சதி முயற்சிக்குப் பின் ருகுணு, ரஜரட்டை அணிகள் இணைந்து கெமுனு ஹேவா படையணி உருவானதைப் பதியும்போது இந்த வேறுபாடு நன்றாகவே உறைத்தது. 'கலைப்பு' என்று மட்டும் எழுதினால் பழைய சின்னங்கள் இரண்டும் அநாதையாகிவிடும். அமெரிக்க முறையில் ஒருங்கிணைப்புக்கெனத் தனிச் சொல் உண்டு; இரண்டுக்கும் ஒரே வாரிசு என அதன்படி குறித்துவிட்டேன்.

எனினும், 2022இல் அணிவகுத்தவர்களில் 1958ஆம் ஆண்டு வீரர் ஒருவரும் இருந்திருக்க முடியாது; அமெரிக்கத் தொடர்ச்சி ஏட்டுத் தொடர்ச்சிதான். இணைப்பின்போது ஆட்களும் கூடவே போவதால், மனிதர்களின் கதையை எழுதுபவருக்குப் பிரித்தானிய முறையே பொருந்தும். நான் கையாண்டவை தரைப்படைப் பதிவுகள் மட்டுமே. கடற்படைக் கப்பல்களுக்கோ விமானப்படை அணிகளுக்கோ இதையே பரிந்துரைக்கத் துணியமாட்டேன்.