பசு முத்திரை போட்ட வெள்ளி எக்யூ: யாரும் ஏமாந்துவிடாதீர்கள்

பிரெஞ்சு மன்னர் காலத்து வெள்ளி நாணயங்களைச் சேகரிப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சென்ற மாதம் பாரிஸில் ஒரு பழம்பொருள் சந்தையில் 180 யூரோ கொடுத்துப் போலியை வாங்கி வந்தேன். இன்னும் வயிறு எரிகிறது.

பதினைந்தாம் லூயி மன்னரின் எக்யூ என்ற பெரிய வெள்ளி நாணயம், ஆண்டு 1733. ஒரு பக்கம் அரசரின் இளவயது முகம். மறுபக்கம் கிரீடம் சூடிய கேடயத்தில் மூன்று லில்லி மலர்கள், இருபுறமும் ஆலிவ் கிளைகள். கூடவே ஒரு குட்டிப் பசு. அது பிரான்ஸின் தென்மேற்கே உள்ள ‘போ’ (Pau) என்ற நகரத்து நாணயச்சாலையின் அடையாளம். பல ஆண்டுகளாகத் தேடிய பசு! அதைக் கண்டதும் மற்ற எதையும் நான் கவனிக்கவில்லை.

அறைக்கு வந்து தராசில் வைத்தேன்: 24.1 கிராம். 1726 முதல் அடித்த இந்த எக்யூவுக்கு விதித்த எடை 29.488 கிராம். கை மாறித் தேய்ந்தால் கொஞ்சம் குறையும். ஐந்து கிராம் எப்படிக் குறையும்? விளிம்பைத் திருப்பினேன். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவதைத் தடுக்க, ‘தோமினே சால்வும் ஃபாக் ரேகெம்’ (ஆண்டவரே, அரசரைக் காத்தருளும்) என்று அங்கே பொறித்திருப்பார்கள். இதில் ஓர் எழுத்துகூட இல்லை. வார்ப்பின் இரு பாதிகள் சேர்ந்த தழும்புதான் சுற்றிலும் ஓடியது.

பசு இருந்தால் இன்னொன்றும் இருக்க வேண்டும். போ நகரம் பேயார்ன் பகுதியைச் சேர்ந்தது. அதனால் அங்கே அடித்த நாணயத்தில் அரசரின் பட்டங்களுக்குப் பின்னால், பேயார்னின் அதிபதி என்பதற்காக பி, டி என்ற இரண்டு எழுத்துகள் வரும். என்னுடையதில் வரவில்லை. வேறு ஊர் நாணயத்தில் பசுவை ஒட்டி அச்சு எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் நாணயத்தின் மேல் இணைகோடுகளாக அரத்தால் அராவிய கீறல் இருக்கிறது என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எடை கூடிய வெற்று வெள்ளி வில்லைகளை அச்சிடும் முன் நாணயச்சாலையிலேயே அராவிச் சரிசெய்தார்கள்.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். “ரசீதில் எக்யூ என்றோ வெள்ளி என்றோ எங்கே இருக்கிறது?” என்று கேட்டார் கடைக்காரர். ‘பழைய மெடல்’ என்றுதான் எழுதியிருந்தார். நான் படிக்காமலே பையில் வைத்திருந்தேன். ஆண்டு, உலோகம், நாணயச்சாலை மூன்றையும் எழுதி வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

அவருடைய தட்டில் அதே 1733 எக்யூ இன்னும் மூன்று கிடந்தன. மூன்றிலும் அரசரின் தாடைக்குக் கீழே, என்னுடையதில் இருக்கும் அதே இடத்தில், அதே சிறு குழி.