ஃபால்ஸ் சீலிங் விளக்குகள், நான்கு வருடத்துக்குப் பிறகு

வீடு கட்டியபோது ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டு 12 வாட் எல்இடி டவுன்லைட் எட்டு பொருத்தினோம். நான்கு வருடத்தில் மூன்று முறை மக்கர், மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் கோளாறு இரண்டாம் வருடக் கடைசியில். சோபாவுக்கு நேர் மேலே இருந்தது விநாடிக்கு ஒருதரம் கண் சிமிட்ட ஆரம்பித்தது. எலக்ட்ரீசியன் கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு "செட்டோட மாத்திடுங்க சார்" என்றார். மாற்றினோம். அதே 6500 கெல்வின் வெள்ளைதான், ஆனால் பழைய ஏழோடு நிறம் ஒட்டவில்லை, புதுசு மட்டும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி பளிச்சென்று எரிந்தது. வீட்டில் தினமும் அதே பேச்சு. சரி, கழற்றிப் போட்டதில் என்னதான் கோளாறு என்று எடுத்து உட்கார்ந்தேன்.

இந்த விளக்கு இரண்டு துண்டு. வட்டமாகத் தெரிவது எல்இடி தட்டு. சீலிங்குக்கு மேலே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கிடக்கும் டப்பாதான் டிரைவர், 230 வோல்ட்டை டிசியாக மாற்றி ஒரே அளவு கரன்ட் கொடுப்பது அதன் வேலை. மேலே காற்றோட்டம் கிடையாது, சூட்டில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காய்ந்து போகிறது. எம்சிபியை (மெயின் போர்டில் கரன்ட்டை வெட்டும் சுவிட்ச்) அணைத்துவிட்டுப் பக்கத்து விளக்கை இறக்கி (ஸ்பிரிங் கிளிப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே இறக்குங்கள், என் கட்டைவிரல் நகம் கறுத்ததுதான் மிச்சம்), அதன் டிரைவரில் இந்தத் தட்டைச் செருகினேன். நிதானமாக எரிந்தது. ஆக, தட்டில் குறை இல்லை, போனது டிரைவர்தான்.

டிரைவர் வாங்கும்போது வாட்டை மட்டும் சொன்னால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் மில்லியாம்ப் (கரன்ட் அளவு) ஒத்துப்போக வேண்டும், என்னுடையது 300. வோல்ட் வரம்பும் பழையதைப் போலவே இருக்கட்டும்.

இங்கேதான் சொதப்பினேன். புது டிரைவருக்குக் கரன்ட் கொடுத்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டின் பின்னைச் செருகினேன். ஒரு மின்னல், அவ்வளவுதான். சுமை இல்லாமல் கிடக்கும் டிரைவரில் வோல்டேஜ் ஏறி நிற்கும், செருகியதும் மொத்தமும் எல்இடியில் இறங்கும். மூடியைத் திறந்தால் ஒரு சிப்பின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி. எல்லாம் தொடராகக் கோத்திருப்பதால் ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. நல்ல தட்டை நானே கொன்றேன். பின்னைச் செருகிய பிறகுதான் கரன்ட்.

இரண்டாவது போன வருடம். போட்டதும் எரியும், கால் மணி நேரத்தில் அணையும், கொஞ்சம் ஆறியதும் மறுபடி எரியும். டிரைவர்தான் என்று நினைத்து மாற்றினேன், அதே கதை. கையை விட்டு வயரை இழுத்துப் பார்த்தால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், டேப் பிசினாக உருகி, செம்பு கறுத்திருந்தது. கறுத்ததை வெட்டிவிட்டு கனெக்டர் போட்டதோடு சரி. டிரைவர் காசு வீண், அலமாரியில் ஸ்பேராகக் கிடக்கிறது.

மூன்றாவதுதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது. படுக்கையறையில் சுவிட்சை அணைத்த பிறகும் இரவெல்லாம் மங்கலாக ஒரு ஒளி. சுவிட்சில் இருக்கும் குட்டி இண்டிகேட்டர் விளக்கு வழியாகக் கசிந்தாலும் இப்படி ஆகும், எங்கள் சுவிட்சில் அது இல்லை. இதற்கு மட்டும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். சுவிட்ச் அணைந்திருக்க, மேலே விளக்கு வயரில் டெஸ்டர் எரிந்தது. போர்டுக்கு வரும் பேஸும் (கரன்ட் வரும் வயர்) நியூட்ரலும் (திரும்பிப் போகும் வயர்) இடம் மாறியிருந்தன, சுவிட்ச் இத்தனை நாளும் நியூட்ரலைத்தான் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! மாற்றிப் போட்டதும் அந்த மங்கல் ஒளி நின்றது. கையோடு மற்ற அறைகளையும் பார்க்கச் சொன்னேன். சமையலறை சரி, ஹால் சரி, பையன் அறையில் அதே கூத்து.