கேட்டில் தொங்கிய பாஸ்வேர்டு: போனை மட்டும் வைத்து வீட்டு வைஃபையைக் காத்த நாலு வருஷம்

என் மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். மதுரையில் மாடி வீடு. வாசல் கேட்டில் ஒரு தகர போர்டு. அதில் கடைப் பெயர், "ஜாக்கெட், சுடிதார் தைத்துத் தரப்படும்", அதன் கீழே முழ நீளத்துக்கு மொபைல் நம்பர். 2021-இல் ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி, "வைஃபைக்கு என்ன பேருண்ணே வைக்கட்டும்?" என்று கேட்டார். கடைப் பெயரையே வைக்கச் சொன்னேன். "பாஸ்வேர்டுக்கு உங்க நம்பரையே போட்டுடுறேன், மறக்காது" என்றார். நானும் தலையாட்டினேன். பூட்டு எது, சாவி எது என்பதை நாங்களே பெயிண்ட் அடித்து வாசலில் மாட்டியிருக்கிறோம் என்பது உறைக்க நாலு மாசம் ஆனது.

உறைத்தது வேகம் படுத்தபோதுதான். பகலில் பறக்கும் நெட், ராத்திரி ஏழு மணிக்கு மேல் நொண்டும். மகளின் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் முகம் பாதியில் உறைந்து நிற்கும். எங்கள் வீட்டில் லேப்டாப் கிடையாது; என் கையில் இருந்தது ஒரு ஆண்ட்ராய்டு போன். அதில் 'ஃபிங்' என்ற ஆப்பை இறக்கி, நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக் கணக்குப்படி ஆறு சாதனங்கள். ஆப் காட்டியது பதினேழு. அதில் ஒன்று கேம் கன்சோல். எங்கள் வீட்டில் கேரம் போர்டுதான் உண்டு.

மனைவி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாவம், பிள்ளைங்க யாரோ கிளாஸ் பாக்குதுங்க. போனாப் போகுது விடுங்க" என்றார். நெட் போவது எனக்கும் பெரிய விஷயமில்லை. ஆனால் 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை முன்கூட்டியே அறிவித்து வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் போலீஸ் முதலில் தட்டியது அவர் வீட்டுக் கதவைத்தான். இதைச் சொன்ன பிறகுதான் "சரி, மாத்துங்க" என்று உத்தரவு வந்தது.

போன் நம்பரை பாஸ்வேர்டாக வைப்பது நம் ஊரில் கிட்டத்தட்ட சம்பிரதாயம். என் கதையில் அது கேட்டிலேயே தொங்கியது என்பது தனிச்சிறப்பு. தொங்காவிட்டாலும் நிலைமை மோசம்தான். நம் மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் உங்கள் போன் வைஃபையில் சேரும் அந்த நொடியின் பரிமாற்றத்தைக் காற்றிலிருந்து ஒருவன் பதிவு செய்துகொண்டால் போதும், பிறகு அவன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்கே தெரியாது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சமாவது சோதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 400 கோடியை அதால் வகுத்தால் 4,000 நொடி. ஒரு மணி ஏழு நிமிஷம். ஒரு ஜாக்கெட்டுக்கு ஹெம்மிங் பண்ணி முடிப்பதற்குள் வீடு திறந்துவிடும்.

எனவே முதல் வேலை பாஸ்வேர்டு. முதலில் திருக்குறளின் முதல் அடியை ஆங்கில எழுத்தில் வைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். என் மச்சினன் மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்தான். "மாமா, நீங்க தமிழ் வாத்தியார் பையன், வேற என்ன வைப்பீங்க?" என்றான். அப்புறம் ஒரு பழைய அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, விரல் விழுந்த ஐந்து சொற்களை எடுத்து, இடைவெளி விடாமல் சின்ன எழுத்தில் கோத்தேன். 2,000 சாதாரணச் சொற்களிலிருந்து குருட்டாம்போக்கில் ஐந்தை எடுத்தாலே, அதே கார்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆயிரம் வருஷம் பிடிக்கும். பெரிய எழுத்து, எண், விசித்திரக் குறி எதுவும் சேர்க்கவில்லை. காரணம் டிவி ரிமோட். ரிமோட்டின் அம்புக்குறியை வைத்துக்கொண்டு டாலர் குறியைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பாஸ்வேர்டை மாற்ற, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போன் வழியாக நுழைவதில் ஒரு தொல்லை உண்டு, யாரும் சொல்வதில்லை. பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் சிலசமயம் பக்கமே திறக்காது. ரவுட்டரில் நெட் வராத நேரமாக இருந்தால், போன் "இந்த வைஃபை உதவாது" என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும்; அந்த முகவரி வெளியே எங்கும் கிடையாது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அடிக்க வேண்டும். உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாகவும் இருக்கலாம். போனின் வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்று இருப்பதுதான் அது. உள்ளே போனதும் எனக்கு வேர்த்தது. யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு வேறு என்பதே அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கூடுதலாக இருந்த பதினொன்றில் எவனாவது ஒருவன் உள்ளே புகுந்து என்னையே வெளியே தள்ளியிருக்கலாம். நல்லவேளை, கேம் விளையாடுகிறவனுக்கு அவ்வளவு அக்கறை இல்லை.

அதே உட்காரலில் டபிள்யூபிஎஸ் என்ற வசதியையும் அணைத்தேன். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பின் நம்பரைக் கொடுத்தே வைஃபையில் சேரும் வழி அது. எட்டு இலக்கப் பின் நம்பர்தான், ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கும். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். ஆக மொத்தம் 11,000 முயற்சிகள் போதும் என்று 2011-இலேயே வெளிச்சமாகிவிட்டது. அது திறந்திருந்தால் ஐந்து சொல் என்ன, ஐம்பது சொல் வைத்தும் பயனில்லை.

இனி நான் செய்த முட்டாள்தனங்கள். வைஃபை பெயரை மறைத்து வைத்தேன். ஒரு வாரம்தான். மறைத்த பெயரை நம் போன்களே போகிற இடமெல்லாம் "இருக்கியா, இருக்கியா" என்று கூவிக் கேட்டுக்கொண்டிருக்கும் என்று படித்ததும் விட்டுவிட்டேன்.

அடுத்தது மேக் ஃபில்டர். ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் முகவரி என்று ஒரு அடையாள எண் உண்டு; குறிப்பிட்ட சாதனங்களின் முகவரியைப் பதிந்துவிட்டால் மற்றவை சேர முடியாது என்றார்கள். 'போனைப் பற்றி' பக்கத்தில் இருந்த முகவரியைப் பார்த்துப் பார்த்து அடித்து, சேமித்தேன். அடுத்த நொடி என் போன் வெளியே. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வைஃபைக்குத் தங்கள் அசல் முகவரியைக் காட்டுவதில்லை, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு பொய் முகவரி. ஐபோனில் ஐஓஎஸ் 14-இலிருந்து அப்படித்தான். நான் அசலைப் பதிந்தேன், போன் நகலைக் காட்டியது. வீட்டில் வேறு எந்த சாதனமும் பட்டியலில் இல்லை. கடைசியில் ஊசியால் பின்னாலிருந்த ஓட்டையில் குத்தி ரீசெட் செய்தேன் (தையல் கடையில் ஊசிக்கா பஞ்சம்). அதில் நெட் கம்பெனியின் யூசர்நேம், பாஸ்வேர்டும் சேர்ந்து அழிந்துபோக, அதை மறுபடி போட்டுத்தர ஆள் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் வீட்டில் என்னிடம் யாரும் சரியாகப் பேசவில்லை. இத்தனைக்கும் மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமலே போகிறது; வேண்டுமென்பவன் பார்த்துக் காப்பியடித்துவிடுவான்.

இந்தப் பாடத்தில் ஒரு லாபம் உண்டு. பட்டியலில் தெரியாத சாதனம் வந்தால், முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பார்ப்பேன். அது 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பொய் முகவரி காட்டும் போன்தான். வேறாக இருந்தால், முதல் ஆறு எழுத்தை வைத்துத் தயாரித்த கம்பெனியையே ஆப் சொல்லிவிடும். டிவி, பிரிண்டர், கேமரா வகையறா அப்படித்தான் மாட்டும்.

எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்த ஐந்தாவது மாசம், சிக்னல் எங்கே குறைகிறது என்று பார்க்க 'வைஃபை அனலைசர்' ஆப்பைத் திறந்தேன். (லொக்கேஷன் அனுமதி கேட்கும். கொடுக்காவிட்டால் ஆண்ட்ராய்டு எதையும் காட்டாது. ஐபோனில் வெளியார் செய்யும் இந்த வகை ஆப்புக்கு இடமில்லை.) அக்கம்பக்கத்து நெட்வொர்க்குகளுக்கு நடுவே, எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர், மைனஸ் 28 என்று காட்டியது. இந்த அளவில் பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம். மைனஸ் 28 என்றால் கைக்கெட்டும் தூரம். போனைப் பிடித்துக்கொண்டு திருடனைத் தேடுவதுபோல் அறை அறையாக நடந்தேன். வந்து நின்ற இடம் என் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே இருந்த ஃபைபர் பெட்டி. நெட் கம்பெனி கொடுத்த அந்தப் பெட்டிக்கும் சொந்தமாக ஒரு வைஃபை உண்டு. பாஸ்வேர்டு அதன் வயிற்றில் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. முன்வாசலுக்குத் திண்டுக்கல் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவை ஐந்து மாசமாகத் திறந்து வைத்திருக்கிறேன். அந்த வைஃபையை அணைத்தேன். தனி ரவுட்டர் வாங்கி வைத்திருக்கும் யாரும் இதை இன்றைக்கே ஒருமுறை பாருங்கள்.

2022-இல் ரவுட்டரை மாற்றினேன். புதியது கம்பெனி ஆப்பிலேயே இயங்கும். 2018-இல் வந்த டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் உண்டு. முன்னே சொன்ன 'பதிவு செய்து வீட்டில் உட்கார்ந்து உடைக்கும்' வேலை அதில் நடக்காது. ஆசையாக அதை மட்டும் வைத்தேன். டிவியும் பிரிண்டரும் சேர மறுத்துவிட்டன. அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வும் டபிள்யூபிஏ3-உம் கலந்த நிலைக்கு இறங்கி வந்தேன். இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. கலப்பில் இருக்கும்வரை பழைய வழி முழுதாக அடைபடவில்லை என்பதால் அந்த நீளமான பாஸ்வேர்டை விடவில்லை.

ஆப்பில் எல்லாம் வசதி. விரலால் தொட்டால் ஃபர்ம்வேர், அதாவது ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள், அப்டேட் ஆகிவிடும். ஆனால் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் ரவுட்டர் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும் அபாயம் உண்டு. கோடையில் எங்கள் தெருவில் கரண்ட் கண்ணாமூச்சி ஆடும். ரவுட்டரை மினி யுபிஎஸ்ஸில் மாட்டாமல் அந்தப் பொத்தானை நான் தொடுவதே இல்லை.

வசதியின் மறுபக்கத்தை 2023-இல் பார்த்தேன். புதுப் போன் வாங்கி, பழையதை அக்கா மகனுக்குக் கொடுத்தேன். படம், வாட்ஸ்அப் எல்லாம் அழித்தேன், ரவுட்டர் ஆப்பை மறந்துவிட்டேன். பையன் விருதுநகரில். ஆப் இணையம் வழியாக எங்கிருந்தும் வேலை செய்யும். ஒருநாள் சாயங்காலம் சீரியல் நேரத்தில் எங்கள் டிவிக்கு மட்டும் நெட் இல்லை. என் மாமியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அரை மணி கழித்து போன் வந்தது: "மாமா, உங்க டிவிய நான் இங்கிருந்தே நிறுத்திட்டேன், பாத்தீங்களா?" ரவுட்டர் பூட்டு என்றால் போன்தான் சாவிக்கொத்து. இப்போது அந்த ஆப்பின் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருக்கிறேன், போன் கை மாறினால் ஃபேக்டரி ரீசெட்.

கெஸ்ட் நெட்வொர்க், அதாவது விருந்தாளிகளுக்கான தனி வைஃபை, பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நாலு வருஷத்தில் நிஜமாகவே நிம்மதி கொடுத்தது அதுதான். சொந்தக்காரர் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "பாஸ்வேர்டு என்னப்பா?" முடியாது என்று சொல்ல நம் ஊரில் வாய் வராது. சொன்னாலோ அது ஒருவரோடு நிற்காது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து எந்தப் போனும் தான் சேர்ந்த வைஃபையை க்யூஆராகக் காட்டும். ஒரு கல்யாண வீட்டு வாரத்தில் என் சித்தப்பா மகன் வசதிக்காக அந்த க்யூஆரைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அதற்குள் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாக, அப்படியே இருக்கும். நல்லெண்ணம்தான், திட்டவும் முடியவில்லை. ராத்திரியே மாற்றினேன், மறுநாள் காலையில் டிவி ரிமோட்டோடு போராட்டம்.

இப்போது விருந்தாளிகளுக்கும் கடைக்கு வருகிறவர்களுக்கும் தனி நெட்வொர்க். அதில் சேருபவர் நெட் பார்க்கலாம், எங்கள் போனையோ பிரிண்டரையோ பார்க்க முடியாது. அதன் பாஸ்வேர்டை இரண்டு மாசத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டிவி அதில் இல்லை என்பதால் ரிமோட் வேலை கிடையாது. வாசல் கேமராவையும் அந்தப் பக்கமே தள்ளிவிட்டேன். 2016-இல் மிராய் என்ற வைரஸ் பிடித்து ஆட்டியவற்றில் இப்படிப்பட்ட கேமராக்களும் ஏராளம், தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவை. எங்கள் கேமராவின் பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது, இருந்தாலும் அதை நான் முழுசாக நம்புவதில்லை.

மாசத்தில் முதல் ஞாயிறு, டீ ஆறும் நேரத்தில் ஒரு ஸ்கேன். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறேன்: 'அம்மா போன்', 'ஹால் டிவி', 'சண்டைக்கார பிரிண்டர்'. பெயரில்லாதது தெரிந்தால் விசாரணை. இதுவரை பிடிபட்டவை மகளின் தோழி டேப்லெட்டும், மாமியாருக்கு மச்சினன் ரகசியமாக வாங்கித் தந்த போனும்தான்.

போன மாசம் கடை போர்டுக்குப் புது பெயிண்ட் அடித்தோம். பெயரும் நம்பரும் பழையதுதான். வாடிக்கையாளர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று கெஸ்ட் நெட்வொர்க்குக்கும் கடைப் பெயரையே வைத்திருக்கிறேன். பெயிண்டர் வேலையை முடித்துவிட்டு, பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்து, கேட் ஓரமாக நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். நான் காசை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"அண்ணே, இங்க உங்க கடைப் பேர்ல ஒரு வைஃபை காட்டுதுல்ல, போர்டுல இருக்க நம்பரப் போட்டுப் பாத்தேன்" என்றார். "எடுக்க மாட்டேங்குதே?"