அப்பிள் உள்ளுடன்: நாலு வருடம் கிண்டிய கதை

பேஸ்ட்ரிக்கு உள்ளே வைக்கும் அப்பிள் உள்ளுடனை வீட்டிலேயே கிண்ட 2021 கடைசியில் தொடங்கினேன். அதற்கு முதல் டின்னில் வருவதுதான். ஒரு தரம் வாங்கிய டின்னில் முக்கால்வாசி பசை, அப்பிள் துண்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. விலையும் சும்மா இல்லை. சரி, நாங்களே கிண்டுவோம் என்று இறங்கியதுதான், இப்போது மாதம் ஒருமுறையாவது எங்கள் வீட்டுத் தாச்சியில் அப்பிள் கிடக்கும்.

முதல் பிழை அப்பிளிலேயே. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்பு அப்பிளைப் போட்டேன், பத்து நிமிடத்தில் கூழ். அம்மா எட்டிப் பார்த்து, "இதென்ன பிள்ளை, பாணுக்குப் பூசுற ஜாமோ?" என்றார். அன்று அது பாணுக்குத்தான் போனது. பிறகு கிரானி ஸ்மித் என்ற பச்சை அப்பிளுக்கு மாறினேன். புளிப்பு இருக்கும், துண்டும் லேசில் உடையாது. விலை கூடத்தான். காசு இறுகிய மாதங்களில் பாதிக்குப் பாதி கலக்கிறேன். சிவப்பு கரைந்து பச்சைத் துண்டுகளைச் சுற்றிக்கொள்ளும், அதுவும் மோசமில்லை.

இப்போது நான் செய்வது இப்படி: ஒரு கிலோ அப்பிளைத் தோல் சீவி, நடுவை எடுத்து, அரை அங்குலத் துண்டாக வெட்டி, 120 கிராம் சீனி, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி, கிள்ளு உப்பு போட்டுப் பிரட்டி அரை மணித்தியாலம் விட்டுவிடுவேன். புளி பட்டால் துண்டு கறுக்காது, சீனி தண்ணீரை வெளியே இழுத்துவிடும். அந்தத் தண்ணீரை வடித்து, தனியாகப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு, ஒரு கரண்டி பட்டரோடு துண்டுகளைப் பிறகுதான் போடுவேன். நாலு வருடத்தில் பழகியதில் எதையாவது கட்டாயம் செய்யுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வற்றவிட்டால் தண்ணீர் வற்றுவதற்குள் அப்பிள் குழைந்துவிடும். சின்ன நெருப்பில் ஐந்தாறு நிமிடம், துண்டு மெத்தென்று, ஆனால் நடுவில் கொஞ்சம் கடிபட வேண்டும், மிச்சத்தை அவண் பார்த்துக்கொள்ளும்.

சோளமா ஒரு மேசைக்கரண்டி, பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கடைசியில். கொதி வந்து வெள்ளை போய்ப் பளபளத்ததும் இறக்கிவிடுங்கள். புளியோடு சேர்த்து நீளக் கொதித்தால் இறுகியது மறுபடி இளகும். இது தெரியாமல் நான் இன்னும் இன்னும் மாவைப் போட்டுக் களி கிண்டியிருக்கிறேன்.

கறுவாவை வீட்டிலேயே இடித்து, இறக்கிய பிறகு தூவுகிறேன். எங்கள் கறுவாவின் மணம் மென்மையானது, கொதியில் பறந்துவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டியும் போட்டுப் பார்த்தேன். நிறம் கறுத்து, அப்பிள் எங்கே போனதென்றே தெரியவில்லை. பனங்கட்டியைத் தேத்தண்ணியோடு கடிக்கலாம், இதற்கு வேண்டாம்.

ஃபிரீசரில் வைப்பது பற்றி: 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன நாட்களில் இரண்டு டப்பா பழுதாகிப் போனது, அது வேறு துக்கம். ஆனால் கரண்ட் ஒழுங்காக இருந்தாலும் சோளமா சேர்த்ததை உறைய வைத்து எடுத்தால் தண்ணீர் விட்டுப் பிரிகிறது. அதனால் இப்போது மா போடாமல் உறைய வைத்து, எடுத்துச் சூடாக்கும்போது சேர்க்கிறேன். பிரிட்ஜில் மூன்று நாலு நாளைக்கு மேல் நான் வைப்பதில்லை. ஜாம் அளவுக்குச் சீனி இல்லாததால் வெளியே வைக்கவே கூடாது.

பேஸ்ட்ரிக்குள் வைக்க முதல் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சித்திரை வெக்கையில் பேஸ்ட்ரி பட்டர் தானாகவே உருகப் பார்க்கும், சூடான உள்ளுடனையும் வைத்தால் அடி ஊறி ஒட்டிக்கொள்ளும்.

அவண் இல்லாதவர்கள் பற்றீஸ் போல மடித்துப் பொரிக்கலாம், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் விருப்பம். அதற்கு மட்டும் சோளமா அரைக்கரண்டி கூடப் போட்டு, ஓரத்தை இறுக்கி அழுத்திவிடுங்கள். சாறு எண்ணெய்க்குள் கசிந்தால் வெடித்துத் தெறிக்கும், என் இடது கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது.