எந்த அன்டிபயோட்டிக்? எந்தக் கருத்தடை?

அம்பாறைப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கிழமைக்கு ஒருமுறை குடிக்கச் சொல்லி டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக்கைக் கொடுப்பது வழக்கம். அதை வாங்கி வந்த என் மச்சாள், "ரெண்டையும் ஒண்டாக் குடிக்கப்படாதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கருத்தடைக் குளிசையை நிறுத்திவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டொக்சிசைக்ளின் கருத்தடையைக் கெடுக்காது. கர்ப்பிணிகளுக்குத்தான் அதைப் பொதுவாகக் கொடுக்கமாட்டார்கள்.

பல்வலிக்குத் தரும் அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் கதையும் இதேதான். மித்துரி என்ற கருத்தடைக் குளிசை குடிப்பவர் அப்படியே தொடரலாம். ஆனால் குளிசை போட்டு 3 மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். கடும் வயிற்றோட்டம் ஒரு நாளைத் தாண்டினாலும் கவனம் தேவை. அன்டிபயோட்டிக் சிலருக்கு வயிற்றைக் கலக்குவதால்தான் இந்தப் பேச்சே கிளம்பியதோ என்னவோ.

உண்மையில் பயப்பட வேண்டியது ரிஃபாம்பிசினுக்கு. கசநோய்க்கு 6 மாதம் குடிக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது அதுதான். கருத்தடை ஹோர்மோனை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி அது செய்துவிடும். குளிசை, கையில் தோலுக்கடியில் வைக்கும் கருத்தடைக் குச்சி இரண்டின் வலுவும் குறையும். பால் கொடுக்கும் தாய்மார் குடிக்கும் குளிசைக்கும் இதே கதிதான். குச்சி 5 வருடத்துக்கு என்று சொல்லித்தான் வைத்திருப்பார்கள். அதனால் அதைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வராது. அதுதான் ஆபத்து.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி ரிஃபாம்பிசினுக்கு அசையாது, தேதியை முன்னுக்கு இழுக்கவும் தேவையில்லை. கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோனே கிடையாது. ஈரல் சிதைக்க அங்கே ஒன்றும் இல்லை. இரண்டில் எது? சிகிச்சை முடிந்த கையோடு பிள்ளை வேண்டும் என்பவருக்கு நான் லூப்பைத்தான் சொல்வேன். ஊசியை விட்ட பிறகு கரு தங்கப் பல மாதம் பிந்தலாம். லூப்பை எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. சிலருக்கு மாதவிடாய் கூடுதலாகப் போகும், அதையும் யோசிக்க வேண்டும். ஆணுறையை மட்டும் நம்பி 6 மாதம் ஓட்டுவதை நான் விரும்பமாட்டேன். லூப்போ ஊசியோ கிடைக்கும்வரைக்குச் சரி.

கசநோய்க் குளிசை முடிந்ததும் சிறுநீர் சில நாளிலேயே பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஈரல் பழைய நிலைக்கு வர 4 கிழமை வேண்டும். நிறம் மாறிவிட்டதே என்று அதற்குள் மித்துரியை மட்டும் நம்பக்கூடாது.