தெருவோரக் கட்டண பார்க்கிங்: ஐந்துக்கு மூன்றரை

கடைத்தெருவில் வண்டி நிறுத்தக் காசு கேட்டால் முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு சேவையாகப் பார்த்தால் இது உருப்படியான சேவை, சொதப்புவதெல்லாம் நடத்துகிற விதத்தில்தான்.

இலவசமாக விட்ட தெருவில் என்ன நடக்கும் என்று எல்லோரும் பார்த்திருப்போம். ஒருவர் டிக்கியில் பைகளை அடுக்கிக்கொண்டிருப்பார், அந்த இடம் காலியாகும் என்று பின்னால் ஒரு கார் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கும், அதற்குப் பின்னால் பஸ், பஸ் நிறைய ஆட்கள், டிக்கிக்காரரோ மூடியைச் சாத்திவிட்டு சாவகாசமாகப் போனை எடுத்துப் பார்ப்பார். நல்ல இடங்களையெல்லாம் கடை திறக்கும் முன்பே பிடித்துவிடுவது அங்கேயே வேலை பார்ப்பவர்கள், சாயங்காலம்வரை வண்டி அசையாது. உலகின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியில் நட்டதே இந்தத் தொல்லைக்காகத்தான். ஊழியர்கள் நாள் முழுக்க இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள், வாங்க வருபவருக்கு இடமில்லை என்று கடைக்காரர்கள் புலம்ப, கார்ல் மெகீ என்ற பத்திரிகை ஆசிரியர் கொண்டுவந்த யோசனை அது.

சரி, எவ்வளவு வாங்குவது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் சொன்ன கணக்கு எளிது: எந்த நேரம் வந்தாலும் ஒவ்வொரு தெருத் துண்டிலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்கு. தெரு நிரம்பி வழிந்தால் ஏற்று, காற்று வாங்கினால் இறக்கு. சான் பிரான்சிஸ்கோவில் 2011இல் சென்சார் வைத்து, தெருவுக்குத் தெரு, வேளைக்கு வேளை கட்டணத்தை மாற்றிப் பார்த்தார்கள். கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும், ஆனால் அந்தச் சோதனையில் மீட்டரின் சராசரிக் கட்டணம் கொஞ்சம் இறங்கித்தான் போனது. நாள் முழுக்க ஒரே கட்டணம் என்று பலகை எழுதி வைத்துவிட்டு வருடக்கணக்கில் திரும்பியே பார்க்காத இடங்களுக்கு இதில் அரை ஸ்டார்கூடக் கொடுக்க மாட்டேன்.

வாங்குகிற காசு எங்கே போகிறது என்பது எனக்கு அதைவிட முக்கியம். கலிபோர்னியாவின் பழைய பாசடீனாவில் 1993இல் மீட்டர் வைக்கப் போனபோது கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வருமானம் முழுவதும் உங்கள் தெருவுக்கே என்றதும் வழிக்கு வந்தார்கள். அந்தக் காசில் நடைபாதையைச் சரிசெய்தார்கள், மரமும் விளக்கும் வந்தன, சந்துகள் சுத்தமாயின, பாழடைந்து கிடந்த கடைத்தெரு பிழைத்துக்கொண்டது. பொதுக் கஜானாவில் போய் கரைகிற காசுக்கு எந்தக் கடைக்காரர் ஆதரவு தருவார்?

கார் நிறுத்த வழியில்லை என்றால் வியாபாரம் படுத்துவிடும் என்பது கடைக்காரர்கள் எப்போதும் பாடும் பாட்டு. பிரிட்டனின் பிரிஸ்டலில் இதைக் கேட்டே பார்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளரில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள், வாடிக்கையாளர்களையே கேட்டபோது அது 22தான். மற்றவர்களில் பெரும்பாலோர் நடந்தோ பஸ்ஸிலோ வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது அகலமான நடைபாதை. (முதலாளியின் சொந்தக் கார் கடை வாசலில் நிற்பதையும் பல ஊர்களில் பார்க்கலாம், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.)

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டடமும் இத்தனை கார் நிறுத்த இடம் வைத்தே தீர வேண்டும் என்ற விதி இருக்கும் ஊரில், தரைத்தளமே கார் ஷெட் ஆகிவிடுகிறது. கடை இருக்க வேண்டிய இடத்தில் கம்பிக் கதவு, சாய்தளம், எக்ஸாஸ்ட் ஃபேன் துப்பும் சூடான காற்று. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு நூறு மீட்டர் மொட்டைச் சுவரைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பார்க்க ஒன்றும் இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைகளுக்கு அதோடு சரி. அமெரிக்காவின் பஃபலோவும் மெக்சிகோ சிட்டியும் 2017இல் இந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டன. தெருவோர இடத்துக்குச் சரியான கட்டணம் வாங்கினால் இப்படி எடுப்பது சுலபம், இலவசமாக விட்டுவிட்டு எடுத்தால் தெரு நாறிவிடும்.

இனி ஒன்றரை ஸ்டார் போன கதை. முக்கால்வாசி பழி ஆப் மேல்தான். ஒரு தெருவுக்கு ஒரு ஆப், அடுத்த தெருவுக்கு வேறொன்று, இரண்டிலும் பதிவு, ஓடிபி, கார் நம்பர். வெயிலில் திரை தெரியாமல் கையால் மறைத்துக்கொண்டு தட்ட வேண்டும், சிக்னல் இல்லாவிட்டால் அபராதம் நம் தலையில். மீட்டரில் யாரோ ஒட்டிவிட்டுப் போன போலி க்யூஆர் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து காசைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர் என்ன செய்வார்? நாணயமோ கார்டோ வாங்கும் ஒரு மெஷினை முனையில் வைப்பது பெரிய காரியமா?

மிச்சம் பஸ்ஸுக்காகப் போனது. கட்டணத்தை ஏற்றிவிட்டு, நம்பி வர ஒரு பஸ்கூட விடாத ஊரில் அது வெறும் வசூல். பத்து நிமிடத்துக்கு ஒன்றாவது ஓடட்டும், ராத்திரி கடை சாத்திய பிறகும் ஓடட்டும், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், நானும் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.