சலுகையா, உதவித்தொகையா, கடனா: கல்லூரிக் கட்டணத்தின் முன் ஒரு குடும்பத்தின் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் தமிழ்நாட்டின் ஏழைக் குடும்பங்களில் எழும் முதல் பேச்சு, பெரும்பாலும், பிள்ளை எதைப் படிப்பது என்பதல்ல. படிப்புக்கான பணத்தை எங்கே புரட்டுவது என்பதுதான். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுவதும் 28.4 விழுக்காடாக இருந்தபோது தமிழ்நாட்டில் 47 விழுக்காடாக இருந்தது. இந்த உயர்வுக்கு அரசின் உதவித் திட்டங்களும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்த உதவிகள் ஒரே வகையானவை அல்ல. கட்டணத்தையே குறைக்கும் சலுகை, கட்டணம் கட்டிய பிறகு வந்து சேரும் உதவித்தொகை, மாதந்தோறும் கணக்கில் விழும் ஊக்கத்தொகை, வங்கி தரும் கடன் ஆகிய நான்கையும் தொகையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம். பணம் எப்போது வருகிறது, அது வரும்வரை சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும்.

முதலில் கட்டணச் சலுகை. 2010-11ஆம் கல்வியாண்டில் தொடங்கப்பட்ட முதல் பட்டதாரி திட்டத்தின்கீழ், குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாத நிலையில் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியை அரசே ஏற்கிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 2017இல் நிர்ணயிக்கப்பட்ட ஆண்டுக் கட்டணம், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 ரூபாய், மற்றவற்றுக்கு 50,000 ரூபாய். இதில் 25,000 ரூபாய் சலுகையாகக் கழிந்துவிட்டால் ஏறத்தாழப் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, அந்தப் பணம் குடும்பத்தின் கையிலிருந்து வெளியே போகவே வேண்டியதில்லை என்பது. வருவாய்த் துறை வழங்கும் முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிக் கலந்தாய்வில் சமர்ப்பித்துவிட்டால், கல்லூரிக்குச் சேர வேண்டியதை அரசு பார்த்துக்கொள்கிறது. சாதி வரம்போ வருமான வரம்போ இதற்கு இல்லை.

இதே வழியில் இன்னும் முழுமையாகச் செல்வது 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவப் படிப்புக்குக் கொண்டுவரப்பட்டு, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிவுபடுத்தப்பட்ட இந்த ஒதுக்கீட்டில் இடம்பெறும் அரசுப் பள்ளி மாணவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகிய மூன்றையும் அரசே ஏற்கிறது. இங்கே விடுதிக் கட்டணத்தைச் சேர்த்ததுதான் பெரிய விஷயம். கல்விக் கட்டணத்தை எப்படியாவது கட்டிவிடும் குடும்பங்கள்கூட, விடுதி, மெஸ், கல்லூரிப் பேருந்து ஆகியவற்றுக்கான தொகையைக் கண்டுதான் தயங்கி நிற்கின்றன. முதல் பட்டதாரி சலுகை இந்தச் செலவுகளைத் தொடுவதேயில்லை, 7.5 விழுக்காடு ஒதுக்கீடு தொடுகிறது. ஆனால் அந்த வாசல் குறுகியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவர்களே அதற்குள் நுழைய முடியும்.

இரண்டாவது, ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான இத்திட்டத்தின் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் ஆதிதிராவிட மாணவர்களுக்கு 60க்கு 40, பழங்குடியின மாணவர்களுக்கு 75க்கு 25 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கின்றன. தாளில் பார்த்தால் முதல் பட்டதாரி சலுகையைவிட இதன் பலன் அதிகம். கல்வி நிலையத்தின் கட்டாயக் கட்டணங்களோடு பராமரிப்புப் படியும் இதில் அடங்கும். நடைமுறையில் சிக்கல் காலத்தில் இருக்கிறது. செமஸ்டர் கட்டணத்துக்குக் கெடு ஒரு தேதியில் முடிகிறது, உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கு வேறொரு தேதியில் வருகிறது. இடைப்பட்ட மாதங்களுக்கு நகையை அடகு வைப்பதோ வெளியில் வட்டிக்கு வாங்குவதோதான் குடும்பத்துக்குத் தெரிந்த வழி. 40,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200 ரூபாய். ஆறு மாதம் தாமதமானால் 7,200 ரூபாய். உதவித்தொகை முழுதாக வந்தாலும் இந்த 7,200 ரூபாயை யாரும் திருப்பித் தருவதில்லை. முன்பணம் கட்டாமலே சேர்க்கை பெறுவதற்காக மாணவர்களுக்கு ஃப்ரீஷிப் கார்டு வழங்க வேண்டும் என்று இத்திட்டத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. அதை ஒவ்வொரு கல்லூரியிலும் கறாராக நடைமுறைப்படுத்தினால், இந்த உதவித்தொகைதான் நான்கில் தலைசிறந்ததாக நிற்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது, மாத ஊக்கத்தொகை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டமும் தகுதியுள்ள மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வழங்குவதற்காக வகுக்கப்பட்டவை. வேறு உதவித்தொகை பெறுபவர்களும் இதைப் பெறலாம். சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தின் முன் ஆண்டுக்கு 12,000 ரூபாய் சிறிய தொகைதான். மேலே சொன்ன மூன்று வட்டிக் கடனின் மாத வட்டியைக்கூட அது ஈடுகட்டாது. ஆனால் கல்விக் கட்டணமே இல்லாத அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் ஒருவருக்கு இதே 1,000 ரூபாயின் பெறுமதி வேறு. அங்கே கட்டணத்தைவிடக் கனமான செலவு, வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலிதான். முழுக் கூலியை இந்தத் தொகை ஈடுகட்டாது என்றாலும், தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ், பேருந்துச் செலவு, மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்கு வீட்டில் கைநீட்ட வேண்டாத நிலையை உண்டாக்குகிறது. மகளின் பெயரிலுள்ள கணக்குக்கே பணம் வருவதால், படிப்பை நிறுத்திவிட்டுத் திருமணம் பேசலாம் என்ற யோசனை எழும் வீடுகளில் அவளுடைய சொல்லுக்கும் சற்று மதிப்புக் கூடுகிறது.

நான்காவது வழியான கல்விக் கடனை நிதானமாக அலச வேண்டும். 7.5 லட்சம் ரூபாய்வரையிலான கடனுக்கு ஒன்றிய அரசின் கடன் உத்தரவாத நிதி இருப்பதால் சொத்துப் பிணை தேவையில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும் என்பது விதி. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். அதன்பிறகு 15 ஆண்டுகள்வரை திருப்பிச் செலுத்தலாம். விடுதிக் கட்டணம், மடிக்கணினி, புத்தகம் எனச் சலுகைகள் தொடாத செலவுகளையும் இது தாங்கும். கலந்தாய்வு முடிந்த கையோடு பணம் தேவைப்படுகிறவருக்கு இது உண்மையான வசதி.

ஆனால் விலை என்ன? ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு, 10 விழுக்காடு தனிவட்டியில் கடன் பெறுவதாக வைத்துக்கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000, அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000 என மொத்தம் 1,40,000 ரூபாய் வட்டி சேர்ந்து, கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,100 ரூபாய் வேண்டும். முதல் வேலையில் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு பொறியியல் பட்டதாரிக்கு இது கிட்டத்தட்டப் பாதிச் சம்பளம். தவணை தவறினால் மாணவரின் சிபில் மதிப்பெண்ணோடு, கையெழுத்திட்ட பெற்றோரின் மதிப்பெண்ணும் சேர்ந்தே சரியும்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்கல்வி பயின்றால், தவணை தொடங்கும்வரையிலான வட்டி முழுவதையும் ஒன்றிய அரசு ஏற்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அந்த 1,40,000 ரூபாய் மறைந்து, மாதத் தவணை சுமார் 5,300 ரூபாயாகக் குறையும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், 8 லட்சம் ரூபாய் வருமானம் வரையுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியம் தருகிறது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். மாவட்டத் தலைநகருக்கு வெளியே ஒரு சாதாரண சுயநிதிக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு, அதாவது வேலைவாய்ப்பு நிச்சயமில்லாதவருக்கு, இந்த உதவி எட்டாது. கடனின் ஆபத்து அதிகமாக உள்ள இடத்தில் மானியம் குறைவாக இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே ஒரு குடும்பம் என்னிடம் கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்தை, சற்றுத் தொலைவான கல்லூரியாக இருந்தாலும், நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக விட்டுவிட வேண்டாம். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே முதல் பட்டதாரி சலுகை கைநழுவிப் போகிறது. தகுதியுள்ள சலுகையையும் உதவித்தொகையையும் கழித்தபின் எஞ்சும் தொகைக்கு மட்டும் கடன் கேட்கலாம். வெளியில் மூன்று வட்டிக்கு வாங்குவதைவிட வங்கிக் கடன் எத்தனையோ மேல். ஆனால் வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றிதழை உரிய காலத்தில் வங்கியில் கொடுத்து, கணக்கில் மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த வரிசைக்குள் அடங்காத ஒருவர் உண்டு. அண்ணன் முதல் பட்டதாரி சலுகையில் பொறியியல் முடித்து, வேலை கிடைக்காமலோ சொற்பச் சம்பளத்திலோ இருக்கும் வீட்டின் தங்கை அவள். வீட்டின் வருமானம் உயரவில்லை. ஆனால் சான்றிதழுக்கான தகுதி அண்ணனோடு முடிந்துவிட்டது. அவளுக்கு மிஞ்சுவது ஊக்கத்தொகையும் கடனும்தான், அல்லது விரும்பிய படிப்பை விட்டுவிட்டுக் கட்டணமில்லாத படிப்பில் சேர்வதுதான். குடும்ப வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இரண்டாவது பிள்ளைக்கும் அந்த 25,000 ரூபாய் சலுகை தொடரும் என்று விதியைத் திருத்த ஓர் அரசாணை போதும்.